சேவலின் விரல்களும் ‘காரணம்’ என்ற கட்டமும்

1

நாங்கள் கனடா வந்து ஆறு வருஷம் முடிந்த நாளன்று கேக் வெட்டவில்லை, கோயிலுக்கும் போகவில்லை. அன்று காலை நான் குளியலறைத் தரையில் உட்கார்ந்து, ஒரு சேவலின் இரண்டு கால்களையும் வெதுவெதுப்பான தண்ணீர் வாளிக்குள் பிடித்துக்கொண்டிருந்தேன். சட்டையெல்லாம் எச்சம். இத்தனை படித்து, இத்தனை ஃபாரம் எழுதி, இத்தனை தூரம் பறந்து போனது இதற்குத்தானா என்று ஊரில் சிலர் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள், இன்னும் நிறைய இருக்கிறது.

எந்த ஊர் என்று மட்டும் கேட்காதீர்கள். இங்கே நகராட்சி விதிப்படி கொல்லையில் ஆறு பெட்டைக்கோழிகள் வரை வளர்க்கலாம், சேவல் கூடாது. சத்தம் போடுமாம். எதிர்வீட்டுக்காரர் விடிவதற்கு முன்பே பனி அள்ளும் மெஷினை ஓட்டித் தெருவையே எழுப்புகிறார். அது சத்தத்தில் சேராது, கடமையில் சேரும். நகராட்சி அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் புதிதாகச் சேர்ந்திருப்பதாகக் கேள்வி. அதனால்தான் இந்த ஜாக்கிரதை.

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் எங்கள் பென்னலூரில் கோழி வளர்க்க என்ன வேண்டும்? கோழி வேண்டும், அவ்வளவுதான். இங்கே அதற்கு ஒரு விண்ணப்பம், கூட்டின் வரைபடம், இரண்டு பக்கத்து வீட்டிலிருந்தும் சம்மதக் கடிதம், எல்லாவற்றுக்கும் மேலே இணையத்தில் ஒரு வகுப்பு. கோழிகளுக்கு நடுவில் தவழ்ந்து வளர்ந்தவனுக்குக் கோழி வளர்ப்பது எப்படி என்று எட்டு வீடியோக்கள்! ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. ‘அடுத்து’, ‘அடுத்து’ என்று அமுக்கிக்கொண்டே போய், கடைசியில் வந்த சான்றிதழை அச்செடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டினேன்.

ஆறு குஞ்சுகள் வாங்கினோம். ஆறும் பெட்டை என்று பண்ணைக்காரர் சத்தியம் செய்யாத குறை. நான்காவது மாதம் ஒன்றுக்குக் கொண்டை பெரிதாகிக்கொண்டே போனது. ஒருநாள் காலை அது கார் ஷெட் மேல் ஏறி நின்று கூவியது. என் மனைவி சுமதி சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவளும் பென்னலூர்தான், வாய்க்குப் பூட்டு கிடையாது.

“தோ பார்யா. ஒரு வேலையும் செய்யாது. காலைல எழுந்து கத்திக்கினு, மத்ததுங்க முட்ட வக்கிறத நின்னு பாத்துக்கினு கீது. சூப்பர்வைசர்னு பேர் வையி, சரியா இருக்கும்.”

நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷம் சூப்பர்வைசராக இருந்தவன். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மகள் நிவேதாவும் சிரித்தாள். அவளுக்குப் பதினைந்து வயது, அப்பா சம்பந்தப்பட்ட விஷயத்தில் அவள் சிரிப்பது வருஷத்துக்கு இரண்டு முறைதான். அதனால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. சேவலைப் பெட்டை என்று சொல்லிக்கொண்டு வளர்க்கத் தொடங்கினோம்.

நிவேதாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்களிடம் இங்கிலீஷில்தான் பேசுவாள். நாங்கள் தமிழில் கேட்டாலும் அப்படித்தான். ஆனால் கொல்லையில் கோழிகளிடம் தமிழில் பேசுவாள். “வா, வா, சாப்புடு, சண்ட போடாத” என்று அவள் கொஞ்சுவதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். “அதுங்க என் ஆக்சன்ட்ட கேட்டு சிரிக்காது” என்றாள். சிரித்தது யார் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

2

ஒரகடத்தில் நான் பார்த்தது பேக்கிங் செக்‌ஷன். கார் பாகங்களை மரப்பெட்டியில் அடுக்கி, கப்பலில் உப்புக் காற்றில் எத்தனை நாள் கிடந்தாலும் துரு ஏறாதபடி பிளாஸ்டிக் சுற்றி அனுப்புகிற வேலை. காற்றுப் புகாமல் சுற்றுவதில் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து மறைமலை நகர் வரைக்கும் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்பது என் கொள்கை. மற்றவர்களுக்கும் அதே கருத்துதானா என்று விசாரித்ததில்லை.

ஜனவரியில் வானிலை எச்சரிக்கை வந்தது. மைனஸ் முப்பத்தெட்டு. ஊரில் டிசம்பரில் காதுக்கு மஃப்ளர் கட்டிக்கொண்டு “இன்னா குளுரு” என்று சொல்லிக்கொள்ளும் நமக்கு இந்த எண் புரியாது. ஈரத்துணியை வெளியே எடுத்துப் போனால் காயப்போடுவதற்குள் பலகையாகிவிடும், அவ்வளவு குளிர்.

நான் பதறவில்லை. இப்போது வேலை பார்க்கும் கிடங்கில் ஒரு பிளாஸ்டிக் ஃபிலிம் ரோல் கேட்டு வாங்கி வந்தேன். கூட்டைச் சுற்றி ஏழு சுற்று. மூலைகளில் அட்டை கொடுத்து, அதன் மேல் டேப். கூரைக்குக் கீழே விரல் நுழைகிற அளவுக்கு ஓர் இடைவெளி நீளமாக ஓடியது. கூடு செய்தவன் அளவு தெரியாமல் வெட்டியிருக்கிறான் என்று அவனைத் திட்டிவிட்டு அதையும் டேப்பால் அடைத்தேன். உள்ளே கோழிகள் ஏறி உட்காரும் கட்டை இலையுதிர்காலத்திலேயே உடைந்திருந்தது. அதற்குப் பதிலாக ஓர் இரும்புக் குழாயைப் பொருத்தியிருந்தேன், இனி ஜென்மத்துக்கும் உடையாது. போதாக்குறைக்கு ஷூ பெட்டிகளில் வருமே ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்கள், அவற்றில் ஒன்பதைச் சேர்த்து வைத்திருந்தேன், அதையும் கட்டித் தொங்கவிட்டேன். போட்டோ எடுத்து மச்சான் ஏழுமலைக்கு அனுப்பினேன். ஏழுமலை சுமதியின் தம்பி, பென்னலூரில் கம்பெனி ஆட்களுக்கு ரூம் வாடகைக்கு விடுகிறான். “எக்ஸ்போர்ட் குவாலிட்டி மாமா” என்று பதில் வந்தது.

மறுநாள் காலை கூட்டைத் திறந்தேன். உள்பக்கச் சுவர் முழுக்க வெள்ளையாகப் பனி ஒட்டியிருந்தது. ஐந்து பெட்டைகளும் வைக்கோலுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் புதைந்து, பத்திரமாக இருந்தன. சூப்பர்வைசர் மட்டும் இரும்புக் குழாய் மேல் நின்றிருந்தது. கொண்டை சாம்பல் நிறத்தில் விறைத்திருந்தது. தூக்கினேன், கால்விரல்கள் குழாயைப் பிடித்த வளைவிலேயே விறைத்து வந்தன. தொட்டால் விரலா விறகா தெரியவில்லை.

3

“அனல் காட்டு மாமா, அனல் காட்டு” என்றான் ஏழுமலை வீடியோவில். “மஞ்சளும் வேப்பெண்ணெயும் கொழச்சி கொண்டைல அப்பு. நல்லா தேச்சி வுடு, ரத்தம் ஓடும்.”

பென்னலூரில் வெப்பம் தணிந்தால் போதும் என்று கிடக்கிற மனிதனிடம் பனிக்கு வைத்தியம் கேட்டேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். சுமதி மஞ்சள் குழைத்தாள். நான் தலைமுடி உலர்த்தும் மெஷினை முழு வேகத்தில் வைத்துக் காலுக்குக் காட்டினேன். சேவல் போட்ட சத்தத்தில் மாடியில் தூங்கிக்கொண்டிருந்த நிவேதா ஓடிவந்தாள்.

“வாட் ஆர் யூ டூயிங்? நிறுத்து! அப்பா, நிறுத்து!”

மெஷினைப் பிடுங்கினாள். போனில் எதையோ தேடினாள். உறைந்த இடத்தைத் தேய்க்கக்கூடாதாம், நேரடியாகச் சூடு காட்டக்கூடாதாம், கை தாங்குகிற சூட்டில் தண்ணீரில் மெதுவாகத்தான் வைக்க வேண்டுமாம். ஆக நாங்கள் செய்த எல்லாமே தப்பு, வரிசை மாறாமல். அப்படித்தான் நான் குளியலறைத் தரைக்கு வந்து சேர்ந்தேன். மஞ்சள் பூசிய கொண்டையுடன் சேவல் ஒரு கல்யாண மாப்பிள்ளைபோல வாளியில் நின்றது. எனக்குச் சிரிப்பு வந்தது. நிவேதாவின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் கொண்டையின் நுனிகள் கருத்தன. விரல்கள் வீங்கி, கொப்புளம் கட்டி, அவையும் கருக்கத் தொடங்கின. டாக்டரிடம் போவதென்று முடிவாயிற்று. கோழிக்கு டாக்டரா என்று சுமதியே கேட்டாள். அதே சுமதிதான் பிறகு தன் நல்ல சால்வையை எடுத்து அதைப் போர்த்தினாள்.

போனில் நான்தான் பேசினேன். பதட்டமானால் எனக்கு ஒரகடத்து ஃபேக்டரி இங்கிலீஷ்தான் வரும். “மேடம், ஒன் பீஸ் டேமேஜ். போத் லெக் சைடு ஃபுல் பிளாக்” என்றேன். என்ன பீஸ் என்று அந்தப் பெண் கேட்டாள். “லைவ் பீஸ் மேடம்” என்று விளக்கினேன். நிவேதா போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். என் மகள் என்னிடமிருந்து போனை வாங்கிப் பேச ஆரம்பித்து நான்கு வருஷமாகிறது. வங்கி, பள்ளிக்கூடம், குழாய் ரிப்பேர் எல்லாவற்றுக்கும் அவள்தான் பேசுகிறாள். நானும் வெட்கப்படுவதை விட்டு ரொம்ப நாளாகிவிட்டது.

4

பண்ணைப் பறவைகளைப் பார்க்கும் ஆஸ்பத்திரி ஒரு மணி நேரப் பயணத்தில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் ஃபாரம் நீட்டினார்கள். இந்த நாட்டில் மூச்சு முட்டினாலும் முதலில் ஃபாரம்தான் தருவார்கள்.

பெயர்: சூப்பர்வைசர். பாலினம் என்ற கட்டத்தில் ‘பெண்’ என்று எழுதினேன், நகராட்சி பயம். கடைசியில் ‘பாதிப்புக்குக் காரணம்’ என்று ஒரு பெரிய கட்டம். பேனா தானாக ஓடியது. ‘பறவை கூட்டுக்குள் பாதுகாப்பான இடத்தில் இருக்காமல் குழாயின் மேல் நின்றுகொண்டிருந்தது’ என்று நல்ல இங்கிலீஷில் எழுதினேன். ஒரு தடுமாற்றம் இல்லை. யோசிக்கக்கூட இல்லை.

நிவேதா தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

டாக்டர் ஒரு இளம்பெண், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். ஃபாரத்தையும் சேவலையும் மாறி மாறிப் பார்த்தார். இவ்வளவு பெரிய தாடி வளர்த்த பெட்டையை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். பிறகு, நான் பறவைக்கு வைத்தியம் பார்ப்பவள், சட்டத்துக்கு வைத்தியம் பார்ப்பவள் இல்லை, பயப்படாதீர்கள் என்றார். கூடு எப்படி இருந்தது என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் நிவேதா என் எக்ஸ்போர்ட் குவாலிட்டி போட்டோவைக் காட்டிவிட்டாள்.

டாக்டர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோழியைக் கொல்வது குளிரைவிட ஈரம்தான் என்று பொறுமையாகச் சொன்னார். ஆறு பறவைகள் இரவெல்லாம் விடும் மூச்சில் எவ்வளவு ஈரம் இருக்கிறது! அது மேலே ஏறி வெளியே போகத்தான் கூரைக்குக் கீழே அந்த இடைவெளி. அதை அடைத்ததால் ஈரம் உள்ளேயே தங்கி, கொண்டையில் படிந்து உறைந்திருக்கிறது. காலுக்கு இரும்புக் குழாய். மரத்தில் உட்கார்ந்திருந்தால் கால் இப்படி ஆகியிருக்காது. வகுப்பு முடித்தீர்களா என்று கேட்டார். முடித்தேன், சான்றிதழ் இருக்கிறது என்றேன். நான்காவது வீடியோ முழுக்க அதுதானே என்றார். நான் சுவரிலிருந்த பசுமாட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டேன்.

வலி மருந்து கொடுத்தார், கட்டு மாற்றக் கற்றுக்கொடுத்தார். கருத்த விரல்கள் பிழைக்காது என்றார். கருப்பு எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி. விரல்களோடு நின்றால் சேவல் நொண்டிக்கொண்டு வாழும். இரண்டு பாதமும் போய்விட்டால் அதைத் துன்பப்படுத்துவதில் அர்த்தமில்லை, தூங்க வைத்துவிடலாம். இரண்டு வாரம் கழித்து அழைத்து வாருங்கள் என்றார்.

திரும்பும்போது காரில் நிவேதா பாட்டை நிறுத்தினாள். பிறகு தமிழில் பேசினாள். அவள் என்னிடம் தமிழில் பேசினால் விஷயம் பெரியது என்று அர்த்தம்.

“அது மேல ஏன் பழி போட்ட?”

“ஃபாரம்ல எல்லாம் சும்மா எழுதுறதுதான்மா.”

“சும்மா இல்ல. உனக்கு ரொம்ப ஈஸியா வந்துச்சு. நான் பாத்தேன்.”

5

எங்கிருந்து அவ்வளவு ஈஸியாக வந்தது என்று இங்கே சொல்லியாக வேண்டும். இதுவரை சுமதிக்குக்கூட முழுதாகச் சொன்னதில்லை.

எங்கள் பேக்கிங் செக்‌ஷனில் மரப்பெட்டியின் மூடியை அழுத்தி மூடும் மெஷின் ஒன்று இருந்தது. அதற்கு ஒரு சென்சார், கண் என்போம். கை உள்ளே வந்தால் கண் பார்த்துவிடும், மெஷின் நின்றுவிடும். மரத்தூள் பறந்தாலும் நின்றுவிடும், அதுதான் தொல்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாதக் கடைசி, லோடு ஏற்ற வேண்டிய கன்டெய்னர் வாசலில் நிற்கிறது, மெஷின் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நிற்கிறது. நான் ஒரு துண்டு டேப்பை எடுத்துக் கண்ணின் மேல் ஒட்டினேன். மெஷின் அருமையாக ஓடியது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் ஷிஃப்டில் அந்த மெஷினில் இசக்கிமுத்து நின்றான். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன், கான்ட்ராக்ட் ஆள், இருபத்திரண்டு வயது. ஏழுமலையின் ரூமில் எட்டுப் பேரோடு தங்கியிருந்தான். மூடி கோணலாக உட்கார்ந்ததை நேராக்கக் கையை விட்டான். கண் பார்க்கவில்லை.

வலது கையில் மூன்று விரல்கள் நசுங்கிவிட்டன. சத்தம் கேட்டு ஓடினேன். எல்லோரும் அவனைத் தூக்கினார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சேஃப்டி ஆபீசர் வருவதற்குள் டேப்பை உரித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். பிறகு விபத்து ரிப்போர்ட் வந்தது. ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதினேன். நல்ல கையெழுத்தில் எழுதினேன்.

கம்பெனியை விட்டு வரும்போது எனக்கு ஒரு அனுபவச் சான்றிதழ் கொடுத்தார்கள். ‘தொழிலாளர் பாதுகாப்பில் மிகுந்த அக்கறை உள்ளவர்’ என்று அதில் ஒரு வரி இருக்கிறது. குடியேற்ற விண்ணப்பத்தோடு அதையும் இணைத்தேன். கனடா என்னை உள்ளே விட்டது. படித்துவிட்டு யாராவது சிரித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். யாரும் சிரிக்கவில்லை.

6

சேவலுக்கு ஒரு நாளைக்கு இரண்டு வேளை கட்டு மாற்ற வேண்டும். நிவேதா பிடித்துக்கொள்வாள், நான் சுற்றுவேன். சுற்றுவதில் எனக்கிருந்த பெருமையெல்லாம் இப்போது இரண்டு அங்குலப் பஞ்சுத் துணியில் வந்து நின்றது. கொஞ்சம் இறுக்கினாலும் “லூஸ், அப்பா, லூஸ்” என்பாள். சேவல் சாப்பிட மறுத்தது. முதல் வாரம் கூவவே இல்லை. அது கூவினால் அபராதம் வருமே என்று இத்தனை மாதம் பயந்த மனிதன் நான். இப்போது ஒரு தடவை கூவாதா என்று குளியலறைச் சாவித்துவாரத்தில் காது வைத்துக்கொண்டிருந்தேன்.

“விரல் இன்னும் கருத்துக்கினே போதுடா” என்று ஏழுமலையிடம் ஒருநாள் காலை சொன்னேன். அங்கே மாலை நேரம். ரோட்டில் கம்பெனி பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்டது.

“மாமா, வெரல் கருத்தா இன்னா ஆவும்னு நம்ம இசக்கிய கேக்கலாமே! அவனுக்கும் அப்டித்தான கருத்துச்சு. இதோ ரோட்டாண்டதான் கடை போட்டுக்கினு கீறான். இரு, குடுக்கறேன்.”

“வேணாம்டா, வேலையா இருப்பான்” என்றேன். ஏழுமலைக்கு ஒன்றும் தெரியாது. நல்ல மனசுக்காரன், நல்ல மனசுக்காரர்களைத் தடுக்கவே முடியாது. போன் ஆடி ஆடிப் போனது. தள்ளுவண்டி தெரிந்தது, முட்டை அட்டைகள் தெரிந்தன, பிறகு இசக்கிமுத்துவின் முகம் தெரிந்தது. கொஞ்சம் சதை போட்டிருந்தான், மீசை வைத்திருந்தான்.

“சார்! நல்லாருக்கியளா? எத்தன வருசமாச்சு!”

அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். அது இல்லை. நான் சேவல் கதையைச் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு கேமரா முன்னால் தன் வலது கையை நீட்டினான். இரண்டு விரல்கள் அடியோடு இல்லை, ஒன்று பாதி.

“எனக்கு மொதல்ல நசுங்கிப் போயி, பொறவு கருத்துச்சு சார். கருத்தது கருத்ததுதான், அதக் காப்பாத்துதேன்னு நோண்டாதிய. உசுருள்ள எடத்துக்கும் செத்த எடத்துக்கும் நடுவுல ஒரு கோடு விழும். அந்தக் கோடு நின்னுட்டான்னு மட்டும் பாருங்க. தெனம் ஒரு போட்டோ அனுப்புங்க, நா பாத்துச் சொல்லுதேன்.”

அப்படி ஆரம்பித்தது. தினமும் காலை நிவேதா போட்டோ அனுப்புவாள், அவன் முட்டை உடைத்துக்கொண்டே பார்த்துச் சொல்வான். “எடது கால்ல ரெண்டு வெரல் போவும் தங்கச்சி. பாதத்துக்கு ஒண்ணும் ஆவாது, பயப்படாத.” அவள் அவனிடம் தமிழில் பேசினாள். சொல் கிடைக்காத இடத்தில் கையைக் காட்டுவாள், அவனும் மிச்சமிருந்த கையைக் காட்டுவான். சிரிப்பாகத்தான் இருந்தது. ஒருநாள் அவள் நேராகக் கேட்டுவிட்டாள்.

“அண்ணா, உங்க கை எப்டி ஆச்சு?”

நான் பின்னால் நின்று வலி மருந்தைச் சிரிஞ்சில் எடுத்துக்கொண்டிருந்தேன். இசக்கி ஒரு நொடி அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தான்.

“மெசின்ல மாட்டிக்கிட்டு தங்கச்சி” என்றான். அவ்வளவுதான் சொன்னான். எனக்கு மருந்தின் அளவு தப்பிப் போயிற்று. கொட்டிவிட்டு மறுபடியும் எடுத்தேன்.

அந்த வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. சேவலுக்கு வந்த கவலை என்று சுமதி நினைத்தாள். “ஒரு கோயிக்கு இவ்ளோவா, ஊர்ல இருந்தா கொயம்பு வச்சிருப்ப” என்றாள். ஆமாம், வைத்திருப்பேன்.

7

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் ஆஸ்பத்திரி. சேவலைச் சுமதியின் சால்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு நிவேதா வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பாதம் போயிருந்தால் சேவல் வீடு திரும்பாது.

டாக்டர் கட்டை அவிழ்த்தார். விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாகத் தொட்டார். கோடு நின்றுவிட்டது என்றார். இடது காலில் இரண்டு விரல்களும் வலது காலில் ஒன்றும் தானாக உதிரும், கொண்டை முனைகளும் உதிரும், பாதங்களுக்கு ஆபத்தில்லை. நிவேதா டாக்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பிறகு, அதிசயம், என்னையும்.

கவுன்ட்டரில் இரண்டாம் வருகைக்கு இன்னொரு ஃபாரம். அதே கட்டங்கள். நிவேதா பேனாவை என் கையில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். பாலினம்: ஆண். காரணம் என்ற கட்டத்தில் இப்படி எழுதினேன்: ‘காற்றுப்போகும் வழியை நான் அடைத்தேன். இரும்புக் குழாயை நான் வைத்தேன். சேவல் தவறு எதுவும் செய்யவில்லை.’ கையெழுத்து கோழி கிறுக்கியது மாதிரி வந்தது. அங்கிருந்த பெண் அதை வாங்கி, படித்துக்கூடப் பார்க்காமல், ஒரு கோப்பில் செருகிவிட்டு, நல்ல நாளாக அமையட்டும் என்றாள். இவ்வளவுதானா? இதற்கா எட்டு வருஷம் பயந்தேன்?

மறுநாள் காலை இசக்கிக்கு நானே போன் போட்டேன். ஏழுமலையை நடுவில் விடவில்லை.

“பொழச்சிருச்சு இசக்கி. மூணு விரல்தான்.”

“மூணா? எனக்கும் மூணுதான் சார், கணக்கு சரியாப் போச்சு” என்று சிரித்தான். தோசைக்கல்லில் எண்ணெய் சீறியது.

“இசக்கி, அந்த மெஷின்ல கண்ணு மேல டேப் ஒட்டினது...”

“தெரியும் சார். நீங்க உரிச்சிப் பாக்கெட்டுல போட்டத நா பாத்தம்லா.”

“அப்புறம் ஏன்டா அந்த ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்ட?”

“போட்டாத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி வரும்னு நீங்கதான சொன்னிய. வலது கை துணிக்குள்ள கெடந்துச்சு. எடது கையால போட்டேன்.”

அதை நான் சொன்னேன் என்பதையே மறந்திருந்தேன். மறந்தேனா, உரித்து எங்காவது போட்டுவிட்டேனா, தெரியவில்லை. மன்னித்துவிடு என்று சொன்னேன். அவன் கரண்டியை வைக்கும் சத்தம் கேட்டது.

“எனக்கு உங்க மேல கோவம் போயி வருசமாச்சு சார். ஒண்ணுதான் இன்னும் உறுத்துது. அந்தக் காயிதத்த அப்பா ஊருல வாத்தியார்ட்ட குடுத்து வாசிக்கச் சொன்னாவ. கவனக்கொறவுன்னு வாசிச்சிட்டாரு. வேல நேரத்துல புத்திய எங்க வச்சிருந்தன்னு, ஒரு வருசம் எங்கூட மொகங்குடுத்துப் பேசல. இப்பவும் ஏதாவது கை தவறி விழுந்தா அதத்தான் சொல்லுதாவ.” கொஞ்சம் நிறுத்தினான். “இங்கனதான் வெங்காயம் வெட்டிக்கிட்டு இருக்காவ. எனக்குக் கத்தி பிடிக்க வரமாட்டேங்குல்லா. போனக் குடுக்கட்டுமா சார்?”

குளியலறையில் நிவேதா சேவலுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் சமையலறையில் நின்றிருந்தேன். நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லலாம், எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

“குடு” என்றேன்.

போன் கைமாறியது. “ஆரு பேசுதீய?” என்று ஒரு வயதான குரல் கேட்டது. என் பெயரைச் சொன்னேன். உங்கள் மகனுக்கு மேலே சூப்பர்வைசராக இருந்தவன் என்றேன். கையைக் காக்கிற சென்சாரை மறைத்து வைத்தது நான், அடிபட்டதும் அதை எடுத்து ஒளித்தது நான், காகிதத்தில் எழுதியது நான், அது பொய், உங்கள் மகன் மேல் ஒரு தப்பும் இல்லை என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

“அவன் அன்னைக்கே சொன்னாம்யா” என்றார். “நாந்தான் காயிதத்த நம்புனேன்.”